ஊர் ஏன் நிக்காம வளந்துட்டே போகுது? வாசகர் கேள்வி பதில்

நகரம், புறநகர் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு போன இதழ்ல போட்டாலும் போட்டோம், கேள்வி வந்து குவிஞ்சிடுச்சு. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் ஒண்ணா சேத்து, வெறும் திட்டு மட்டும் இருந்ததை ஓரமா எடுத்து வெச்சுட்டு மீதிக்கு பதில் சொல்றேன்.

கேள்வி: சார், நகரம் பெருசாகுறதுக்கு ஒரே காரணம் கிராமத்து ஜனங்க மூட்டை கட்டிட்டு கிளம்பி வர்றது தானே? அவங்க வராம இருந்தா நகரம் பாட்டுக்கு நிம்மதியா இருக்கும்ல?

பதில்: நகரத்துல இருக்கறவங்க எல்லாரும் சொல்றது தான் இது. அவங்க தாத்தா எங்க இருந்து வந்தார்னு மட்டும் கேட்டுடாதீங்க, பேச்சை மாத்திடுவாங்க.

ஜனம் கூடறதுக்கு மூணு வழி இருக்கு. வெளிய இருந்து வர்றவங்க ஒண்ணு, நகரத்துக்குள்ளயே பொறக்கறவங்க ரெண்டாவது, மூணாவது யாரும் கவனிக்காதது, ஊரோட எல்லைக்கோட்டை தள்ளி வரையறது. ஒரு காலத்துல முதல் வழி மட்டும் தான் இருந்துச்சு. 17, 18ஆம் நூற்றாண்டு லண்டன்ல பொறக்கறவங்களை விட சாகறவங்க தான் அதிகம், பிளேக்கும் அம்மையும் காய்ச்சலும் அள்ளிட்டு போகும், வெளியூர் ஆள் வந்து அந்த இடத்தை நிரப்பலைன்னா ஊர் கரைஞ்சே போயிருக்கும். 19ஆம் நூற்றாண்டுல காலராவும் வந்து சேந்துச்சு. 1854ல ஜான் ஸ்னோங்கற டாக்டர் காலரா குடிதண்ணி வழியா தான் பரவுதுன்னு ஒரு தெருவோட அடிபம்பை வெச்சு காட்டினாரு, 1858 கோடையில தேம்ஸ் நதி நாத்தம் தாங்க முடியாம பார்லிமென்ட்டே மூக்கை பொத்திக்கிட்ட பிறகு தான் பாசல்ஜெட்டுங்கற இன்ஜினியர் பெரிய கழிவுநீர் குழாய்களை கட்டினாரு. அதுக்கப்புறம் தான் நகரம் தானே தன்னை பெருக்கிக்க ஆரம்பிச்சுது. 1801ல ஏறக்குறைய 10 லட்சம் இருந்த லண்டன் 1901ல புறநகரோட சேத்து 65 லட்சம். இன்னிக்கு வளர்ற நாடுகள்ல பல இடத்துல நகர ஜனத்தொகை கூடறதுல பெரிய பங்கு அங்கயே பொறக்கற குழந்தைங்களோடது தான், வந்து இறங்கறவங்களோடது இல்ல. அதனால யாரையும் வராதேன்னு மறிச்சு நிறுத்தினாலும் நகரம் வளரத்தான் செய்யும்.

மூணாவது வழிக்கு நியூயார்க்கை பாருங்க. 1898 ஜனவரி 1ஆம் தேதி பக்கத்துல தனி நகரமா இருந்த புரூக்ளினையும், குயின்ஸ், ஸ்டேட்டன் தீவையும் ஒண்ணா சேத்துட்டாங்க. 1890 சென்சஸ்ல 15 லட்சமா இருந்த நகரம் 1900ல 34 லட்சம்! அதுல பாதிக்கும் மேல பேனாவால வந்த வளர்ச்சி. இன்னொரு கூத்து என்னன்னா எதை நகரம்னு சொல்றதுன்னே நாட்டுக்கு நாடு வேற. டென்மார்க்ல 200 பேர் சேந்து இருந்தாலே நகர்ப்புறம், ஜப்பான்ல நகரம்னு அந்தஸ்து கிடைக்க 50,000 பேர் வேணும்.

கேள்வி: நான் காலேஜ் ஸ்டூடன்ட். கிராமத்துல வேலை இல்லைன்னு நகரத்துக்கு வர்றாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. ஏன் கிராமத்துல வேலை இல்லாம போகுது, நிலம் அங்கயே தானே இருக்கு?

பதில்: நல்ல கேள்வி தம்பி. நிலம் அங்கயே தான் இருக்கு, ஆனா அதுக்கு முன்னளவு ஆள் வேண்டாம்னு ஆயிடுச்சு. அமெரிக்காவுல 1800 வாக்குல உழைக்கறவங்கள்ல ஏறக்குறைய நாலுல மூணு பேர் விவசாயத்துல இருந்தாங்க, இப்ப 100ல 2 பேர் கூட தேறாது, ஆனா விளைச்சல் பல மடங்கு. டிராக்டர் வந்துச்சு, ரசாயன உரம் வந்துச்சு (காத்துல இருக்கற நைட்ரஜனை பிடிச்சு உரமாக்குற தொழிற்சாலை ஜெர்மனியில 1913ல ஓட ஆரம்பிச்சுது, அது மட்டும் இல்லைன்னா இன்னிக்கு உலகத்துல இத்தனை நகரத்துக்கு சோறு போட்டிருக்கவே முடியாது), நல்ல விதை வந்துச்சு. பத்து பேர் செஞ்ச வேலையை ஒருத்தர் செஞ்சா மீதி ஒன்பது பேர் வேற எதாவது செஞ்சாகணும்.

சரி, விளைச்சல் கூடினா ஜனங்க இன்னும் அதிகமா வாங்கி சாப்பிடுவாங்களே, அப்ப விவசாயிக்கு வேலை இருக்குமேன்னு கேக்கலாம். வயித்துக்கு ஒரு அளவு இருக்கே. எர்ன்ஸ்ட் ஏங்கெல்னு ஒரு ஜெர்மன் புள்ளியியல்காரர் 1857லயே எழுதி வெச்சுட்டாரு, வருமானம் கூட கூட சாப்பாட்டுக்கு போற பங்கு குறையும்னு. மீதி காசு எங்க போகுது? துணி, வைத்தியம், படிப்பு, சினிமா, போன், பேங்க், கோர்ட்டு, இப்படி. இதுக்கெல்லாம் ஏக்கர் கணக்குல நிலம் வேண்டாம், பக்கத்துல ஆள் இருந்தா போதும். பயிரை பக்கத்து பக்கத்துல நெருக்கி வெக்க ஒரு வரம்பு இருக்கு, ஆபீஸை அடுக்கி வெக்க அவ்ளோ வரம்பு இல்ல. ஐ.நா. கணக்குப்படி 1950ல உலகத்துல 100ல 30 பேர் தான் நகரத்துல இருந்தாங்க, 2007 வாக்குல அது பாதியை தாண்டிடுச்சு. பின்னால ஓடற கதை இது தான்.

கேள்வி: நகரத்துல வாடகை அதிகம், டிராபிக், புகை. எந்த கம்பெனிக்காரனுக்காவது மூளை இருந்தா வெளிய போக மாட்டானா? ஏன் எல்லாரும் ஒரே இடத்துல போய் குவியறாங்க?

பதில்: மூளை இருக்கறதால தான் குவியறாங்க. ஒரு கம்பெனி மட்டும் தனியா காட்டுக்குள்ள போச்சுன்னா வாடகை மிச்சம், சந்தேகமே இல்ல. ஆனா அங்க ஒரு நல்ல ஆள் வேலையை விட்டுட்டா அடுத்த ஆளை எங்க போய் தேடறது? வேலைக்கு வர்றவனும் அதையே தான் யோசிப்பான், இந்த கம்பெனி மூடிட்டா நடந்து போற தூரத்துல வேற கம்பெனி இருக்கான்னு. அதுலயும் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்கு போற வீடுன்னா ரெண்டு பேருக்கும் ஒரே ஊர்ல பொருத்தமான வேலை கிடைக்கணும், சின்ன ஊர்ல அது லாட்டரி.

ஆல்பிரட் மார்ஷல்னு பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர், 1890லயே இதை மூணா பிரிச்சு சொன்னாரு: ஆள் கிடைக்கறது, சரக்கு சப்ளை பண்றவன் பக்கத்துல இருக்கறது, அப்புறம் தொழில் ரகசியம். ஒரே தொழில் செய்யறவங்க ஒரே இடத்துல இருந்தா அந்த தொழிலோட நுணுக்கம் காத்துலயே கலந்து கிடக்கும், குழந்தைங்க கூட தன்னை அறியாம கத்துக்கும்னு எழுதினாரு. இந்த மூணாவது தான் எனக்கு ரொம்ப பிடிச்சது, ஏன்னா ஈமெயில், வீடியோ கால் எல்லாம் வந்தும் அது சாகல. எந்த வேலைக்கு யாரை கூப்பிடணும், எவன் ஏமாத்துவான், எந்த மெஷின் வாங்கினா தலைவலி, இதெல்லாம் யாரும் எழுதி வெக்கறது இல்ல, பேச்சுவாக்குல தான் காதுல விழும்.

2007ல சாண்டா ஃபே ஆராய்ச்சி நிலையத்தை சேந்த லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் குழு பல நாட்டு நகரங்களை வெச்சு ஒரு கணக்கு போட்டாங்க. ஊர் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா வருமானம், புது கண்டுபிடிப்பு இதெல்லாம் ரெண்டு மடங்கை விட கொஞ்சம் கூடவே ஏறுது, அதாவது தலைக்கு சுமார் 10ல இருந்து 15 சதவீதம் எக்ஸ்ட்ரா. ரோடு, கேபிள் மாதிரி சமாச்சாரம் ரெண்டு மடங்குக்கு கம்மியா போதுமாம். ஒட்டிக்கிட்டே இன்னொண்ணும் வருது, தொத்து வியாதியும் குற்றமும் கூட அதே மாதிரி கூடவே ஏறுது. ஆள் ஆளை சந்திக்கறது தான் எல்லாத்துக்கும் மூலம்னா நல்லதை மட்டும் தனியா வடிகட்டி எடுக்க முடியாது இல்லையா.

கேள்வி: எல்லா நகரமும் ஆத்தோரம் கடலோரம் தான் இருக்கு. இப்ப கப்பலை நம்பி யாரும் இல்லையே, அப்புறம் ஏன் அந்த இடத்துலயே வளருது?

பதில்: ஆரம்பிச்ச காரணம் வேற, தொடர்ற காரணம் வேற. அமெரிக்காவோட கிழக்கு பக்கத்துல ஆறெல்லாம் மலையடிவாரத்துல இருந்து சமவெளிக்கு விழற ஒரு கோடு இருக்கு, அந்த இடத்துக்கு மேல படகு போகாது, சரக்கை இறக்கி தூக்கிட்டு தான் போகணும். இறக்கற இடத்துல கிடங்கு, கிடங்குக்கு பக்கத்துல கடை, கடைக்கு பக்கத்துல பேங்க். ரிச்மண்ட் மாதிரி ஊரெல்லாம் அப்படி முளைச்சது. அப்படி படகுல இருந்து இறக்கி தூக்கிட்டு போறது நின்னு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா ஊர் நகரல, ஏன்னா இப்ப மத்தவங்க அங்க இருக்காங்கங்கறதே போதுமான காரணம் ஆயிடுச்சு.

சிகாகோவுக்கு 1848ல கால்வாயும் வந்துச்சு, முதல் ரயிலும் வந்துச்சு. 1850ல வெறும் 30,000 பேர். 1871ல ஊர்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு தீயில போச்சு. 1890ல 11 லட்சம் பேர்! ஹிரோஷிமாவை எடுத்துக்கோங்க, அணுகுண்டு போட்டு அழிச்ச ஊர், சில பத்து வருஷத்துல குண்டு போடலைன்னா எவ்ளோ வளந்திருக்குமோ அந்த அளவுக்கே திரும்பி வந்துடுச்சு. கட்டடம் எரிஞ்சாலும், அந்த இடத்துக்கு தான் திரும்பி போகணுங்கறதுல யாருக்கும் சந்தேகம் வரல.

கேள்வி: தம்பி, எனக்கு வயசு எழுபதை தாண்டிடுச்சு. முன்னெல்லாம் ஊர்னா ஒரு முனையில இருந்து இன்னொரு முனைக்கு நடந்தே போயிடலாம். இந்த புறநகர்னு ஒண்ணு எப்படிப்பா முளைச்சுது? யாரு இதை ஆரம்பிச்சது?

பதில்: அம்மா, இதுக்கு தான் கொஞ்சம் நீளமா சொல்லணும், பொறுத்துக்கோங்க. என்னை கேட்டா நகரத்தை பத்தி தெரிஞ்சுக்க ஒரே ஒரு விஷயம் போதும்னா அது இது தான்.

இஸ்ரேலை சேந்த யாகோவ் ஸகாவின்னு ஒரு போக்குவரத்து இன்ஜினியரும், அவருக்கு பின்னால இத்தாலிக்காரர் சேசரே மார்க்கெட்டியும் ஒண்ணை கவனிச்சாங்க. மனுஷன் ஒரு நாளைக்கு போக்குவரத்துக்குன்னு செலவழிக்கற நேரம் சராசரியா ஒரு மணி நேரத்தை ஒட்டியே நிக்குது, போக அரை, வர அரை. ஏழை நாடு, பணக்கார நாடு, பழைய காலம், புது காலம், பெருசா மாறல (சராசரி தான், தினமும் மூணு மணி நேரம் பஸ்ல தொங்கறவங்க என் மேல பாய வேண்டாம்). இப்ப கணக்கு போடுங்க. நடந்தா மணிக்கு 5 கிலோமீட்டர், அரை மணியில ரெண்டரை கிலோமீட்டர். நடுவுல இருந்து அவ்ளோ தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டா ஊரோட பரப்பு சுமார் 20 சதுர கிலோமீட்டர். பழைய ரோமாபுரியோட ஆரேலியன் மதில் சுத்தி வளைச்ச இடம் 14 சதுர கிலோமீட்டர் தான், நீங்க சொல்ற நடந்தே போற ஊர் அது தான்.

இப்ப மணிக்கு 20 கிலோமீட்டர் போற டிராம் வருதுன்னு வெச்சுக்கோங்க. வேகம் 4 மடங்கு, எட்டற தூரம் 4 மடங்கு, ஆனா நிலம் 16 மடங்கு! 300 சதுர கிலோமீட்டருக்கு மேல திடீர்னு ஊருக்குள்ள வந்துடுது. யாரும் பேராசைப்பட்டு விரிவாக்கல, ஒரு மணி நேரங்கறது அப்படியே தான் இருக்கு, அந்த ஒரு மணிக்குள்ள அடங்கற நிலம் தான் கூடிடுச்சு. ஒரே ராத்திரியில நேத்து வரைக்கும் வயக்காடா இருந்தது வீட்டு மனையா ஆகுது.

அப்புறம் யாரு ஆரம்பிச்சதுன்னு கேட்டீங்க. நிலத்தை விக்கறவங்க தான், ரயில் டிக்கெட் விக்கறவங்களும் அவங்களே! 1863ல லண்டன்ல உலகத்தோட முதல் பாதாள ரயிலை விட்ட மெட்ரோபாலிட்டன் ரயில்வே, பிற்பாடு ஊருக்கு வெளிய தண்டவாளத்தை நீட்டி, பக்கத்துல வாங்கி வெச்ச நிலத்துல வீடு கட்டி வித்துச்சு, 1915ல அதுக்கு மெட்ரோலேண்டுன்னு பேர் வெச்சு விளம்பரம் வேற. 1888ல ரிச்மண்ட்ல ஃபிராங்க் ஸ்பிரேக் கரண்ட்ல ஓடற டிராமை நகரம் முழுக்க ஓட்டி காட்டினதும் அமெரிக்கா பூரா பத்தே வருஷத்துல டிராம் புறநகர் முளைச்சுது. லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஹென்றி ஹண்டிங்டன் டிராம் கம்பெனியும் நடத்தினாரு, டிராம் போற வழியில நிலத்தையும் வித்தாரு, டிக்கெட்டுல வராத லாபம் மனையில வந்துச்சு.

இதுல கெட்டிக்காரர்னா ஜப்பான்ல இச்சிஸோ கோபயாஷி தான். 1910ல ஒசாகாவுல இருந்து வெளிய ஒரு ரயில், அந்த ஸ்டேஷன் பக்கத்துல மாச தவணையில வீடு, ரயில் போய் முடியற இடத்துல பொழுதுபோக்கு, 1929ல ரயில் கிளம்பற இடத்துல டிபார்ட்மென்ட் ஸ்டோர். காலையில ஆபீஸுக்கு வர்றவன் அவர் ரயில்ல வருவான், சாயங்காலம் அவர் கடையில வாங்குவான், லீவு நாள்ல குடும்பத்தோட எதிர் திசையில போவான், வண்டி எந்த பக்கமும் காலியா ஓடாது. ஜப்பான்ல தனியார் ரயில் கம்பெனிங்க இன்னிக்கும் இந்த வழியில தான் சம்பாதிக்குது.

கார் வந்த பிறகு கதை வேற மாதிரி போச்சு, அதை அடுத்த கேள்விக்காரர் கேட்டிருக்காரு.

கேள்வி: அமெரிக்காவுல மட்டும் ஏன் புறநகர் அப்படி முடிவே இல்லாம பரந்து கிடக்கு? ஐரோப்பாவுலயும் கார் இருக்கு தானே?

பதில்: கார் மட்டும் காரணம்னா ரெண்டு இடமும் ஒரே மாதிரி இருந்திருக்கணும். அமெரிக்காவுல கவர்மென்ட்டே காசு போட்டு விரிச்சுது. 1934ல வீட்டுக்கடனுக்கு கவர்மென்ட் கேரண்டி, 1944ல போர்ல இருந்து திரும்பின வீரர்களுக்கு முன்பணமே இல்லாம கடன், 1956ல 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு சட்டம், அதுல 90 சதவீதம் மத்திய அரசு பணம். கடன் விதி எல்லாம் புது தனி வீட்டுக்கு சாதகம், பழைய நகரத்துக்குள்ள இருக்கற வீட்டுக்கு பாதகம்.

1947ல நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்டுல உருளைக்கிழங்கு விளைஞ்ச நிலத்துல லெவிட் கம்பெனி வீடு கட்ட ஆரம்பிச்சுது. கார் பேக்டரியில கார் நகரும், ஆள் நிப்பான். இங்க வீடு நிக்கும், ஆளுங்க கூட்டம் நகரும், தரை போடறவன், சுவர் நிறுத்தறவன், பெயின்ட் அடிக்கறவன்னு ஒவ்வொரு வீடா போயிட்டே இருப்பாங்க. வேகமா போன நாள்ல ஒரு நாளைக்கு 30 வீடு வரைக்கும்! 1951க்குள்ள 17,000க்கும் மேல. ஒண்ணை மறைக்காம சொல்லணும், ஆரம்பத்துல ஒப்பந்தத்துலயே வெள்ளைக்காரங்க தவிர வேற யாரும் குடியிருக்க கூடாதுன்னு ஷரத்து இருந்துச்சு, கவர்மென்ட் கடன் விதியும் கறுப்பின மக்கள் இருந்த பகுதிக்கெல்லாம் கடன் கிடைக்காத மாதிரி தான் இருந்துச்சு. யார் புறநகருக்கு போனா யார் நகரத்துக்குள்ளயே மாட்டிக்கிட்டாங்கங்கறது ஆசையால மட்டும் முடிவான விஷயம் இல்ல. புறநகர்னா மக்களோட சுதந்திர தேர்வுன்னு சொல்லி முடிக்கறவங்க இந்த பக்கத்தை படிக்காம புரட்டிடறாங்க.

கேள்வி: ஜனத்தொகை ஏறாத நாடுகள்ல கூட நகரம் பெருசாகிட்டே போகுதாமே, இது என்ன கணக்கு?

பதில்: வீட்டுக்கு எத்தனை பேர்னு பாருங்க, விடை கிடைச்சிடும். அமெரிக்காவுல 1960ல ஒரு வீட்டுக்கு சராசரி 3.3 பேர், இப்ப ரெண்டரை. 1,000 பேர் இருந்தா முன்ன 300 வீடு போதும், இப்ப 400 வேணும், ஒரு புது ஆள் கூட வராமலே. பிள்ளைங்க சீக்கிரம் தனியா போறாங்க, வயசானவங்க தனியா ரொம்ப வருஷம் இருக்காங்க, விவாகரத்து இருக்கு. அது போக வருமானம் ஏறினா எல்லாருக்கும் இன்னொரு ரூம் வேணும். ஷ்லோமோ ஏஞ்சல்னு ஒரு ஆராய்ச்சியாளர் சேட்டிலைட் படத்தை வெச்சு உலகம் முழுக்க நகரங்களை அளந்து பாத்தாரு, பெரும்பாலான இடத்துல ஜனம் கூடற வேகத்தை விட நிலம் கூடற வேகம் அதிகம்.

எங்க போய் நிக்கும்னா, ஊரோட விளிம்புல இருக்கற நிலம் பயிருக்கு தர்ற வருமானமும் வீட்டுக்கு தர்ற வருமானமும் சமமாகற இடத்துல நிக்கும். 1826ல ஃபான் தூனென்னு ஒரு ஜெர்மன் பண்ணையார் தன் பண்ணை கணக்கை வெச்சு இந்த மாதிரி வட்டம் வட்டமா யோசிச்சாரு, 1964ல வில்லியம் அலோன்சோன்னு ஒரு ஆராய்ச்சியாளர் அதையே நகரத்துக்கு கொண்டு வந்தாரு. உள்ள இருந்தா வாடகை கூட, வெளிய போனா பயண செலவு கூட, குடும்பம் ரெண்டையும் தராசுல போட்டு பாக்குது, அவ்ளோ தான். பயணம் மலிவானா விளிம்பு தள்ளி போகும்.

கேள்வி: ரோட்டை அகலமாக்கினா டிராபிக் தீந்துடும்ல?

பதில்: தீராது. 1962லயே ஆன்டனி டவுன்ஸ்னு ஒரு அமெரிக்க பொருளாதாரக்காரர் சொல்லிட்டாரு, பெரிய நகரத்துல பீக் அவர் நெரிசல் ரோடு எவ்ளோ போட்டாலும் அந்த அளவுக்கு ஏறி நிக்கும்னு. 2011ல கில் டுராண்டன், மேத்யூ டர்னர்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க அமெரிக்க நெடுஞ்சாலை கணக்கை எடுத்து பாத்தா, ரோடு 10 சதவீதம் கூடினா ஓடற வண்டி தூரமும் ஏறக்குறைய அதே 10 சதவீதம் கூடுது. ரோடு போட வேண்டாம்னு அர்த்தம் இல்ல, அதனால நிறைய பேர் போக முடியுதே, அது லாபம் தான். ஆனா நெரிசல் குறையணும்னா அதுக்கு சிங்கப்பூர் 1975ல, லண்டன் 2003ல செஞ்ச மாதிரி நடு ஊருக்குள்ள நுழையறதுக்கு காசு வாங்கறது ஒண்ணு தான் கண்ணுக்கு தெரிஞ்சு வேலை செஞ்சிருக்கு. ஓட்டு கேக்கறவங்களுக்கு அது பிடிக்காது.

கேள்வி: இப்படியே வயலை எல்லாம் முழுங்கிட்டே போனா என்ன ஆகறது? ஒரு கோடு போட்டு இதுக்கு மேல கட்டக்கூடாதுன்னு சட்டம் போட்டா முடிஞ்சுதே! எவனுக்கும் தைரியம் இல்ல!

பதில்: கோபம் நியாயம் தான். போட்டும் பாத்தாங்க. லண்டனை சுத்தி பசுமை வளையம்னு 1938ல ஆரம்பிச்சு 1947, 1955ல இறுக்கிட்டாங்க, இன்னிக்கு அது 5,000 சதுர கிலோமீட்டர், லண்டனை விட மூணு மடங்கு பரப்பு. வளையத்துக்குள்ள வயலும் காடும் பிழைச்சுது, அது உண்மை. ஆனா வேலை லண்டன்ல தானே இருக்கு, ஜனம் வளையத்தை தாண்டி குதிச்சு அந்த பக்கம் வீடு கட்டி தினமும் அதையே குறுக்கால கடந்து வருது, உள்ள இருக்கற வீட்டு விலை எங்கயோ போயிடுச்சு. 1971ல வளையம் போட்ட சியோல்லயும் இதே கதை, அங்கயும் வளையத்துக்கு அந்த பக்கம் புது நகரங்களை கட்ட வேண்டி வந்துச்சு.

கோடு போட்டா மட்டும் போதாது, உள்ள உசரமா கட்ட விடணும். அதுக்கு ஒத்துக்கவே மாட்டாங்க. வயலை காப்பாத்துன்னு சொல்ற அதே ஆள் தன் தெருவுல நாலு மாடி வந்தா கோர்ட்டுக்கு போவான். 1857ல நியூயார்க்ல எலிஷா ஓட்டிஸ் கம்பெனி ஒரு கடைக்கு ஆள் ஏறற லிப்ட் போட்டு கொடுத்தது, 1885ல சிகாகோவுல இரும்பு சட்டத்துல பத்து மாடி. அதுக்கு முன்ன மேல் மாடின்னா வேலைக்காரங்களுக்கும் ஏழைகளுக்கும், படி ஏறணுமே. லிப்ட் வந்த பிறகு மேல் மாடிக்கு தான் விலை அதிகம். நகரம் மேல போறதுக்கு வழி 140 வருஷமா இருக்கு, சட்டம் தான் பல ஊர்ல அனுமதிக்கறது இல்ல, அப்ப பக்கவாட்டுல போகாம என்ன செய்யும்?

தடுக்கறதை விட முன்கூட்டியே ரோடுக்கு இடம் விட்டு வெக்கறது உருப்படியான வேலைன்னு நான் நினைக்கறேன். 1811ல நியூயார்க்ல ஜனமே சுமார் ஒரு லட்சம், தீவோட அடிமுனையில கூடி கிடந்தாங்க, அப்பவே 155ஆவது தெரு வரைக்கும் கட்டம் போட்டு வரைபடம் தயார் பண்ணிட்டாங்க. சீனாவுக்கு இந்த பக்கம் எங்கயும் இல்லாத அளவு ஜனத்துக்கு இடம் விட்டிருக்கோம்னு சில பேர் சிரிக்கலாம்னு அறிக்கையில அவங்களே எழுதினாங்க. பார்சலோனாவுல 1859ல இல்டெஃபோன்ஸ் செர்டாங்கற இன்ஜினியர் மதிலுக்கு வெளிய இருந்த வெத்து நிலத்துக்கு 20 மீட்டர் அகல தெரு போட்டு திட்டம் கொடுத்தாரு, இவ்ளோ அகலம் எதுக்குன்னு உள்ளூர்லயே எதிர்ப்பு. இன்னிக்கு அந்த தெருவுல தான் பஸ்ஸும் காரும் மரமும் எல்லாம் இருக்கு. வீடு வந்த பிறகு ரோடு போடணும்னா இடிக்கணும், இடிக்கறதுக்கு எந்த ஊர்லயும் காசும் பத்தாது, மனசும் வராது.

கேள்வி: நகரத்துல நெரிசல் தாங்கல, வெத்து இடத்துல புதுசா ஒரு நகரத்தையே கட்டிட்டா என்ன?

பதில்: கட்டலாம், பிரேசில் கட்டுச்சு. 1960 ஏப்ரல் 21 பிரேசிலியா திறப்பு விழா. ஆனா கட்டட வேலைக்கு வந்த தொழிலாளிங்களுக்கு அந்த அழகான திட்டத்துல இடமே இல்ல, அதனால டாகுவாடிங்கான்னு ஒரு துணை நகரத்தை 1958லயே தொடங்க வேண்டி வந்துச்சு. நகரம் திறக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னயே அதோட புறநகர் தயார்! தலைநகர்ங்கறதால அரசாங்க வேலை இருந்துச்சு, ஊர் நின்னுச்சு.

சீனாவுல இருக்கற ஷென்ஜென்னை எல்லாரும் உதாரணம் காட்டுவாங்க, மீனவ கிராமம் மாநகரம் ஆச்சுன்னு. 1980ல அந்த வட்டாரத்துல 3 லட்சம் பேர் இருந்தாங்க, கிராமம்னு சொல்றது கொஞ்சம் ஓவர், 2020 சென்சஸ்ல 1 கோடியே 75 லட்சம். சிறப்பு பொருளாதார மண்டலம்னு அறிவிச்சது ஒரு காரணம், ஆனா ஆத்துக்கு அந்த பக்கம் ஹாங்காங் இருந்துச்சே, முதலீடும் ஆர்டரும் அங்க இருந்து தான் வந்துச்சு. பக்கத்துல ஒரு பெரிய ஊர் இல்லாத இடத்துல இதையே அறிவிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

கேள்வி: வளர்றதை பத்தியே பேசறீங்களே, நகரம் சுருங்கவே சுருங்காதா?

பதில்: சுருங்கும், ஆனா வளந்த மாதிரி சட்டுனு இல்ல. அமெரிக்காவோட கார் நகரமான டெட்ராய்ட்ல 1950ல 18.5 லட்சம், 2020ல 6.39 லட்சம். வேலை போன வேகத்துக்கு ஜனம் போகல, ஏன்னா வீடு அங்கயே நிக்குதே. கார் கம்பெனி ஆள் குறைக்கும், வீட்டு விலை விழும், விலை விழுந்ததால வேற இடத்துல வீடு வாங்க முடியாதவங்க அங்கயே தங்குவாங்க, இல்ல புதுசா வருவாங்க. எட்வர்ட் கிளேசர், ஜோசப் கியோர்கோன்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க 2005ல இதை தான் விளக்கினாங்க, ஏறும்போது புது வீடா ஏறும், இறங்கும்போது விலையா இறங்கும்னு. அதோட டெட்ராய்ட்டோட சுத்துவட்டாரத்தை சேத்து பாருங்க, இன்னும் 40 லட்சத்துக்கு மேல. நடு ஊர் தான் காலியாச்சு, புறநகர் நல்லாவே இருக்கு.

லண்டன் வேற மாதிரி. 1939ல 86 லட்சம், 1980கள்ல 68 லட்சத்துக்கு வந்துடுச்சு, முடிஞ்சுது கதைன்னு எழுதினவங்க உண்டு, 2021ல 88 லட்சம். துறைமுக வேலை போய் பேங்க் வேலை வந்துச்சு. ஒரே தொழிலை நம்பின ஊருக்கும் பத்து தொழில் இருந்த ஊருக்கும் உள்ள வித்தியாசம் அது.

கேள்வி: இப்ப தான் வீட்டுல இருந்தே வேலை பாக்கலாமே. இனிமே நகரம் காலியாகி எல்லாரும் கிராமத்துக்கு திரும்பிடுவாங்கன்னு என் ஃபிரெண்ட் அடிச்சு சொல்றான். நிஜமா சார்?

பதில்: உங்க ஃபிரெண்ட்கிட்ட அந்த ஒரு மணி நேர கணக்கை திரும்ப போட சொல்லுங்க. வாரம் 5 நாள் ஆபீஸ் போனவர் இப்ப 2 நாள் போறாருன்னு வெச்சுக்கோங்க. வாரத்துக்கு 5 மணி நேரம் போக்குவரத்துக்குன்னு மனசுல ஒதுக்கி வெச்சிருந்தார்னா, இப்ப அதை 2 நாளுக்கு பிரிச்சா ஒரு நாளைக்கு ரெண்டரை மணி, போக ஒண்ணேகால், வர ஒண்ணேகால். அரை மணி தூரத்துல வீடு தேடினவர் ஒண்ணேகால் மணி தூரம் வரைக்கும் தேடுவாரு, அங்க தோட்டத்தோட வீடு கிடைக்கும், தனி ரூமும் கிடைக்கும். 2020க்கு அப்புறம் அமெரிக்க பெருநகரங்கள்ல நடந்தது இது தான், நடுவுல வாடகை இறங்கி சுத்துல ஏறுச்சு, நடுவுல ஓட்டை இருக்கற பலகாரம் மாதிரி இருக்குன்னு டோனட்னே பேர் வெச்சுட்டாங்க. ஆனா பெரும்பாலானவங்க அதே நகரத்தோட வட்டத்துக்குள்ள தான் இடம் மாறினாங்க, வேற நகரத்துக்கோ கிராமத்துக்கோ போனவங்க கம்மி. அந்த 2 நாள் இருக்கற வரைக்கும் கயிறு அறுந்துடல, நீளம் தான் கூடியிருக்கு. வாரம் ஒரு நாள் கூட போக வேண்டாதவங்க மட்டும் தான் நிஜமாவே எங்க வேணா இருக்கலாம், அவங்களும் பொண்டாட்டி வேலை, பிள்ளை ஸ்கூல், பக்கத்துல ஆஸ்பத்திரின்னு பாத்து மறுபடி ஏதாவது ஒரு ஊர் ஓரத்துல தான் வீடு பாக்கறாங்க.